ஷவர் குழாய் சொட்டுகிறது: வாஷரா, ஸ்பிண்டிலா, சுவரை உடைப்பதா?

எங்கள் வீட்டு மாடிக் குளியலறையில் இருப்பது 1998-ல் வீடு கட்டும்போது போட்ட பித்தளை வால் மிக்ஸர். இடது பக்கம் வெந்நீர், வலது பக்கம் பச்சைத் தண்ணீர், நடுவில் வாளிக்கு ஒரு மூக்கு, மேலே ஷவருக்கு ஏறும் பைப். நங்கநல்லூர் போர் தண்ணீரில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் உழைத்திருக்கிறது. குரோம் போன இடங்களில் பித்தளை மஞ்சளாகத் தெரியும். இணைப்புகளில் வெள்ளை உப்பு பொருக்குத் தட்டியிருக்கும். ஷவர் சொட்ட ஆரம்பித்தபோது நாங்கள் செய்தது ஒன்றுதான். கீழே ஒரு வாளி வைத்தோம். அந்த ஏற்பாடு ஆறு மாதம் ஓடியது.

பிறகு ஒரு நாள் பிளம்பர் வந்தார். ஒரு நிமிஷம் பார்த்தார். “சார், இது ரொம்பப் பழசு. மொத்தமா மாத்திரலாம். டைல்ஸ் கொஞ்சம் உடைக்க வேண்டி வரும்” என்றார். ஊரிலிருந்து வந்திருந்த மாமனார், “மாப்பிள்ளை, இதெல்லாம் வாஷர்ல முடியிற வேலை” என்றார். தெருமுனை ஹார்டுவேர் கடைக்காரரோ இரண்டுக்கும் நடுவில் நின்றார்: “உள்ள இருக்கிற ஸ்பிண்டிலை மட்டும் மாத்திப் பாருங்க.” கைப்பிடிக்கு அடியில் இருக்கும் உள்பாகம்தான் ஸ்பிண்டில்.

மூன்று பேரும் தப்பாகச் சொல்லவில்லை. மூன்றும் வெவ்வேறு வீட்டுக்கு, வெவ்வேறு கசிவுக்குச் சரியான பதில்கள். நான் ஒவ்வொன்றாக விசாரித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை கழற்றியும் பார்த்த பிறகு புரிந்தது இது: கையில் தெரியும் குழாயை வைத்து யோசிப்பதை விட, கண்ணுக்குத் தெரியாமல் சுவருக்குள் ஓடும் பைப் எது, அதன் வயது என்ன என்று யோசித்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

அதற்கு முன்னால், அது கசிவுதானா என்று பாருங்கள். ஷவரை மூடிய பிறகு, ஷவர் தலையிலும் மேல் பைப்பிலும் தங்கிய தண்ணீர் கொஞ்ச நேரம் விட்டு விட்டுச் சொட்டும். துளைகளில் உப்பு அடைத்திருந்தால் இன்னும் நேரம் எடுக்கும். இது கோளாறு இல்லை. அரை மணி கழித்தும் ஒரே தாளத்தில் விழுந்தால் கசிவு. எங்கள் வீட்டில் ஒரு லிட்டர் மக்கை வைத்துப் பார்த்தேன். சரியாக ஒரு மணி நேரத்தில் நிரம்பியது. நாளைக்கு 24 லிட்டர், வருஷத்துக்கு 8,760 லிட்டர். மெட்ரோ வாட்டர் அனுப்பும் ஒன்பதாயிரம் லிட்டர் லாரி ஒன்று, கிட்டத்தட்ட முழுசாக. 2019 ஜூனில் குடத்தோடு லாரிக்காகத் தெருவில் நின்றவன் என்பதால் இந்தக் கணக்கு எனக்குக் கொஞ்சம் உறைத்தது.

அடுத்த கேள்வி, எந்தப் பக்கம் சொட்டுகிறது. வால் மிக்ஸரில் இரண்டு பக்கத் தண்ணீரும் நடுவில் ஒன்றாகக் கலந்து ஒரே வழியாக வெளியேறுவதால், பார்த்துச் சொல்ல முடியாது. இதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. கீசரை முதலில் ஸ்விட்ச் ஆஃப் செய்யுங்கள். அப்புறம் கீசருக்குள் தண்ணீர் போகும் ஆங்கிள் காக்கை, அதாவது சுவரில் இருக்கும் சின்ன அடைப்புக் குழாயை, மூடுங்கள். கொஞ்ச நேரத்தில் சொட்டு நின்றால் குற்றவாளி வெந்நீர்ப் பக்கம். நிற்காவிட்டால் பச்சைத் தண்ணீர்ப் பக்கம், அல்லது இரண்டும். பல வீடுகளில் வெந்நீர்ப் பக்கம்தான் முதலில் போகும். சூட்டில் ரப்பர் சீக்கிரம் இறுகி வெடித்துவிடுகிறது.

கீசர் ஓடும்போது மட்டும் சொட்டினால் விஷயமே வேறு. தண்ணீர் சூடானால் விரியும். 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போகும் 15 லிட்டர் தண்ணீர் சுமார் 200 மில்லி கூடுகிறது, ஒரு டம்ளர் அளவு. தண்ணீர் திரும்பிப் போகாதபடி கீசரின் வாயில் வால்வு இருந்தால், அந்த அழுத்தம் எங்கே பலவீனமோ அங்கே வழி தேடும். பழைய வாஷர் இருக்கும் குழாய் மாட்டிக்கொள்ளும். அப்படியானால் குழாயோடு சேர்த்து கீசரின் சேஃப்டி வால்வையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அது அடைத்துக் கிடந்தால், சொட்டும் குழாயை விட அதுதான் அவசரம்.

சரி, வாஷர். பழைய காலத்துத் திருகு குழாயின் வேலை ரொம்ப எளிமையானது. கைப்பிடியைத் திருகினால் ஸ்பிண்டில் இறங்கும். அதன் நுனியில் இருக்கும் ரப்பர் வாஷர், உள்ளே வட்டமாக இருக்கும் பித்தளை விளிம்பில் போய் அமுங்கித் தண்ணீரை அடைக்கும். அந்த விளிம்புக்கு சீட் என்று பெயர். இங்கிலாந்தில் ராதர்ஹாம் ஊரின் கெஸ்ட் அண்ட் கிரைம்ஸ் என்ற பித்தளைப் பட்டறை 1845-ல் காப்புரிமை வாங்கிய அமைப்பு இது. அன்றிலிருந்து இன்று வரை அடிப்படை மாறவில்லை. அதனால்தான் மாமனார் தலைமுறைக்கு இது கைவந்த வேலை. வாஷர் கிடைக்காத நாளில் பழைய ஹவாய் செருப்பை வட்டமாக வெட்டிப் போட்டு ஓட்டிய கதையை அவர் அன்று இரண்டு முறை சொன்னார்.

வாஷர் சில ரூபாய்தான். ஆனால் அது எடுபட ஒரு நிபந்தனை இருக்கிறது: சீட் வழவழப்பாக இருக்க வேண்டும். ஸ்பிண்டிலைக் கழற்றியதும் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள், விரலை விட்டு விளிம்பைத் தடவிப் பாருங்கள். சொரசொரப்போ, குழியோ, ஒரு கோடோ தட்டுப்பட்டால் புது வாஷர் இரண்டு மூன்று மாதம்தான் தாங்கும். சொட்டுகிறதே என்று நாம் வருஷக்கணக்காக இன்னும் இன்னும் இறுக்கி மூடுகிறோம் இல்லையா, அதில் வாஷர் பிய்ந்து பித்தளையே சீட்டில் உரச ஆரம்பிக்கும். வாஷரைத் தாண்டி ஓயாமல் கசியும் தண்ணீரும் அந்த விளிம்பை அரிக்கும். சீட்டைச் சமன்படுத்த சீட் கட்டர் என்று ஒரு கருவி உண்டு. பழைய பிளம்பர்களின் பையில் இருக்கும், புதியவர்கள் பலரிடம் இல்லை. உங்கள் பிளம்பரிடம் அது இருந்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

எங்கள் மிக்ஸரில் வலது சீட் நன்றாக இருந்தது. இடது சீட்டில் நகம் மாட்டும் அளவுக்கு ஒரு கோடு.

அடுத்தது ஸ்பிண்டில். வாஷரை மட்டும் மாற்றாமல், கைப்பிடிக்கு அடியில் இருக்கும் முழு உள்பாகத்தையும் எடுத்துவிட்டுப் புதிது போடுவது. குழாயின் உடம்பு சுவரிலேயே இருக்கும், அதை யாரும் தொடப்போவதில்லை. நான் கடைசியில் இதைத்தான் செய்தேன். பழைய வீட்டுக்காரர்கள் பெரும்பாலானவர்களுக்கு இதையே சொல்வேன்.

ஸ்பிண்டிலில் இரண்டு வகை. ஒன்று பழைய மாதிரி, மூன்று நான்கு சுற்று திருகுவது. இன்னொன்று கால் சுற்றில் திறந்து மூடும் செராமிக் வகை. இதில் ரப்பரை அமுக்கும் வேலை இல்லை. துளையிட்ட இரண்டு செராமிக் வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசிக்கொண்டிருக்கும். துளைகள் நேருக்கு நேர் வந்தால் தண்ணீர் வரும், விலகினால் நிற்கும். இறுக்க வேண்டிய தேவையே இல்லாததால், இறுக்கி இறுக்கிக் கெடுப்பது என்ற பேச்சும் இல்லை. வயதானவர்கள் கைக்கும் நல்லது. அடியில் இருக்கும் ரப்பர் வளையம் சீட்டில் ஒருமுறை உட்கார்ந்தால் அசையாது. அதனால் சீட்டில் சின்னக் கீறல் இருந்தாலும் பெரும்பாலும் அடைத்துக்கொள்ளும். எங்கள் இடது பக்கக் கோட்டை அது சமாளித்துவிட்டது. பெரிய குழியாக இருந்தால் இதுவும் சொட்டும்.

செராமிக்கின் எதிரி மணல். போர் தண்ணீரில் வரும் பொடி மணல் ஒன்று வட்டுகளுக்கு நடுவில் போனால் கீறிவிடும், அப்புறம் அதைச் சரிசெய்ய முடியாது. ரப்பர் வாஷர் அப்படியில்லை. மணலைத் தனக்குள் புதைத்துக்கொண்டு கொஞ்ச நாள் ஓட்டும். உங்கள் வாளியின் அடியில் காலையில் மணல் படிகிறது என்றால், பகட்டில்லாத பழைய வகை ஸ்பிண்டிலே போதும். அல்லது டேங்கிலிருந்து வரும் லைனில் ஒரு வடிகட்டி போட்டுவிட்டு செராமிக் போடுங்கள்.

கடையில் மாட்டிக்கொள்ளும் இடம் அளவு. ‘அரை இஞ்ச் ஸ்பிண்டில்’ என்று கேட்டால் பத்து விதம் எடுத்துப் போடுவார்கள். நீளம் வேறு, மரை வேறு, கைப்பிடி உட்காரும் தலையில் இருக்கும் பற்களின் எண்ணிக்கை வேறு. செராமிக் வகையில் இடமாகத் திறப்பது, வலமாகத் திறப்பது என்றும் இரண்டு உண்டு; மிக்ஸரில் பக்கத்துக்கு ஒன்றாக மாறலாம். போட்டோ எடுத்துக்கொண்டு போய்ப் பயனில்லை. பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். அதாவது நீங்கள் கடைக்குப் போய்வரும் வரை வீட்டில் தண்ணீர் இருக்காது, அதற்குத் தகுந்தபடி இரண்டு குடம் பிடித்து வைத்துவிட்டுக் கழற்றுங்கள். கம்பெனிப் பெயர் உள்ள குழாய் என்றால் அதே கம்பெனி ஸ்பிண்டில்தான் பொருந்தும் என்று கடைக்காரர் சொன்னால், பெரும்பாலும் உண்மை. பெயர் தெரியாத பழைய குழாய்க்கு, பித்தளைச் சாமான்களுக்குப் பேர்போன ஜாம்நகர் பக்கத்துச் சரக்கில் ஏதாவது ஒன்று பொருந்திவிடும். எனக்கு ஜோடி ஐந்நூறு ரூபாய் சுமாருக்கு வந்தது. பழைய கைப்பிடி பொருந்தவில்லை. அதற்குத் தனியாக ஒரு நூற்றைம்பது.

கன்சீல்டு ஷவர் வால்வு வைத்திருப்பவர்களுக்கு இந்த வழியைத் தவிர வேறு நல்ல வழியே இல்லை. குழாயின் உடம்பே சுவருக்குள் இருக்கிறது, வெளியே கைப்பிடியும் தட்டும்தான். ஒற்றைக் கைப்பிடி வகையில் ஸ்பிண்டிலுக்குப் பதில் கார்ட்ரிட்ஜ் இருக்கும், 35 மி.மீ., 40 மி.மீ. என்று பரவலான அளவுகள் உண்டு, ஆனால் தண்ணீரை ஷவருக்கும் வாளிக் குழாய்க்கும் மாற்றிவிடும் கன்சீல்டு டைவர்ட்டர்களில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு வடிவம். பத்து வருஷம் கழித்து அந்த மாடல் நின்றுபோயிருந்தால் திண்டாட்டம்தான். வீடு கட்டுபவர்கள் யாராவது இதைப் படித்தால், கன்சீல்டு போடும் ஆசையைச் சொல்வதற்கு முன்னால் உபரி கார்ட்ரிட்ஜ் ஒன்றும் உபரி டைல்ஸ் பெட்டி ஒன்றும் வாங்கிப் பரணில் போட்டுவிடுங்கள்.

இனி மொத்தமாக மாற்றுவது. பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. புது மிக்ஸர், புது பளபளப்பு. வெந்நீர்ப் புள்ளிக்கும் பச்சைத் தண்ணீர்ப் புள்ளிக்கும் நடுவில் 150 மி.மீ. இருப்பதுதான் வழக்கமான அளவு. முன்னே பின்னே இருந்தால் மிக்ஸரைச் சுவர் பைப்போடு இணைக்கும் வளைந்த துண்டை (லெக்) திருப்பிச் சரிக்கட்டலாம். கேட்டால் ஒரு மணி நேர வேலை.

ஆனால் எங்கள் வீட்டுச் சுவருக்குள் இருப்பது ஜி.ஐ. பைப். இரும்பின் மேல் துத்தநாகப் பூச்சு. பூச்சு போனதும் உள்ளே துரு. அந்தப் பைப்பின் மரையில், நூல் சுற்றிப் பெயிண்ட் தடவி இறுக்கிய பித்தளை, கால் நூற்றாண்டாக அசையாமல் இருக்கிறது. அதை ஸ்பேனர் போட்டுத் திருப்பும்போது மூன்று விஷயங்களில் ஒன்று நடக்கும்: ஒழுங்காகக் கழலும், நிப்பிள் என்ற குட்டி இணைப்புப் பைப் பாதியில் முறிந்து சுவருக்குள் தங்கும், அல்லது சுவருக்குள் எங்கோ ஓர் எல்போவின், அதாவது பைப் திரும்பும் முட்டியின், மரை விட்டுப்போய் அது அன்றைக்குத் தெரியாமல், அடுத்த மழைக்காலத்தில் படுக்கையறைச் சுவரில் ஈரத் திட்டாகத் தெரியும். மூன்றாவதுதான் பயங்கரம். பிளம்பர் “டைல்ஸ் உடைக்க வேண்டி வரும்” என்றது பேராசையில் இல்லை. இதைத் தெரிந்துதான் சொன்னார். எந்தக் கணக்கிலும் சேராத இன்னொரு செலவும் இருக்கிறது. 1998-ல் வாங்கிய அந்த நீலப் பூ டைல்ஸ் இன்று எந்தக் கடையிலும் கிடையாது. ஒன்று உடைந்தால், அந்தச் சுவர் முழுக்க மாற்றத் தோன்றும்.

சுவருக்குள் சிபிவிசி என்ற, வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக் பைப் இருக்கும் புதிய வீடுகளுக்கு இந்தப் பயம் குறைவு. அங்கே மொத்தமாக மாற்றுவது நியாயமான யோசனை. ஒரே எச்சரிக்கை, புதியதை மாட்டும்போது பலத்தைக் காட்டக் கூடாது. பித்தளை மரை பதித்த பிளாஸ்டிக் இணைப்பு அதிகம் இறுக்கினால் விரிசல் விடும். டெஃப்லான் டேப்பை மரையின் போக்கிலேயே, முனையிலிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்றில், சுற்றிவிட்டு நிதானமாக இறுக்கினால் போதும்.

வாங்கும்போது கையில் தூக்கிப் பாருங்கள். நல்ல பித்தளை கனக்கும். விலை குறைவாக, இறகு போல இருந்தால் உள்ளே வேறு உலோகம். பெட்டியில் ஐ.எஸ். 8931 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கிறதா பாருங்கள். பித்தளைக் குழாய்களுக்கும் மிக்ஸர்களுக்குமான இந்தியத் தர எண் அது. உப்புத் தண்ணீர் ரொம்ப மோசம் என்றால், வாளிக் குழாய்க்குப் பிடிஎம்டி எனப்படும் கெட்டிப் பிளாஸ்டிக் குழாயை யோசிக்கலாம். அழகு கிடையாது, அரிப்பும் கிடையாது.

சுவரை உடைத்து லைனையே மாற்றுவது கடைசி. ஆனால் சிலருக்கு அதுவே முதல் வேலையாக இருக்க வேண்டும். காலையில் முதல் மக் தண்ணீர் செம்பழுப்பாக வருகிறதா, ஷவரில் வேகம் வருஷத்துக்கு வருஷம் குறைகிறதா, பின்பக்கச் சுவரில் பெயிண்ட் உப்பி உதிர்கிறதா? இதில் இரண்டு உண்மையென்றால் வாஷர், ஸ்பிண்டில் என்று செலவு செய்வது வீண். பைப்பே முடிந்துவிட்டது. அப்போதும் உடைப்பதற்கு ஒரு மாற்று உண்டு: பழைய லைனை மேலேயே அடைத்துவிட்டு, சிபிவிசி பைப்பைச் சுவருக்கு வெளியே கிளாம்ப் போட்டு இறக்குவது. பார்க்க நன்றாக இருக்காது என்று வீட்டில் சண்டை வரும். ஆனால் நாளைக்கு எங்கே கசிந்தாலும் கண்ணுக்குத் தெரியும். வெந்நீர் லைனுக்கு வெள்ளை யுபிவிசி பைப்பை யாராவது சிபாரிசு செய்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது சூட்டுக்கு ஆகாது. சிபிவிசி 93 டிகிரி வரை தாங்கும்படி செய்யப்படுவது. உடைத்தே ஆவது என்று முடிவெடுத்தால், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் லைனில் அழுத்தம் ஏற்றிச் சோதிக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள்.

நாமே செய்வதா, ஆளைக் கூப்பிடுவதா? வாஷரும் ஸ்பிண்டிலும் கை பழகியவர்கள் செய்யக்கூடியவைதான். அட்ஜஸ்டபிள் ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர், ஆலன் கீ, ஒரு பழைய துணி. துணியைக் குரோமின் மேல் சுற்றிவிட்டு ஸ்பேனரைப் போடுங்கள். இன்னொரு துணியை வடிகாலில் திணித்துவிடுங்கள், குட்டி ஸ்க்ரூ உள்ளே போனால் அந்த ஞாயிறு அதோடு போச்சு. உப்பு இறுகியிருந்தால் வினிகரில் நனைத்த துணியைச் சுற்றி ஒரு மணி நேரம் விடலாம். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டைக் குரோம் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

இதில் பெரிய ஆபத்து குளியலறையில் இல்லை, மொட்டை மாடியில் இருக்கிறது. டேங்குக்கு அடியில் இருக்கும் கேட் வால்வு. வருஷக்கணக்கில் யாரும் தொடாத அந்த வால்வைப் பலமாகத் திருகினால் தண்டு முறிந்து கையோடு வரும். அல்லது மூடும், திரும்பத் திறக்காது. வேலையைத் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே மெதுவாகத் திறந்து மூடிப் பழக்குங்கள். அது அசையவே இல்லை என்றால் தனியாக முயற்சி வேண்டாம், பிளம்பரைக் கூப்பிடுங்கள். முதலில் அந்த வால்வை மாற்றச் சொல்லுங்கள். அடுக்குமாடி என்றால் அந்த வால்வு உங்களுடையது மட்டுமா, கீழ்வீட்டுக்கும் சேர்த்தா என்று கேட்டுவிட்டு மூடுங்கள். வாடகை வீட்டுக்காரர்களுக்கு: உள்பாகத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சுவர் வீட்டு ஓனருடையது.

எங்கள் வீட்டில் வலது பக்கம் புது வாஷர் போதுமாக இருந்தது. ஆனாலும் இரண்டு கைப்பிடியும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று வீட்டம்மா சொன்னதால் இரண்டிலும் செராமிக் போட்டேன். எட்டு மாதம் ஆகிறது, சொட்டவில்லை. பழைய ஸ்பிண்டில்கள் இரண்டையும் தூக்கிப் போட மாமனார் விடவில்லை. புது வாஷர் மாட்டி, ஒரு பிளாஸ்டிக் கவரில் கட்டி, கீசருக்கு மேலே வைத்திருக்கிறார். மணல் வந்து செராமிக் மண்டையைப் போட்டால் அன்றைக்கு அதைத்தான் மாட்டுவேன்; பழைய கைப்பிடிகளும் அதே கவரில் இருக்கின்றன.